மாஸ்க்கைக் கழட்டிட்டு தண்ணிக்கு அடியில் மூச்சு விட முடியுமா? ஸ்கூபா பயிற்சியில் பலரை மிரட்டும் அந்த 1 நிமிடம்!

ஸ்கூபா டைவிங் பயிற்சியில், நன்றாக நீச்சல் தெரிந்தவர்களே தடுமாறுகிற ஒரு கட்டம் உண்டு. நீச்சல் குளத்தின் அடியில் இருக்கும்போது 'மாஸ்க்கைக் கழட்டுங்க' என்று பயிற்சியாளர் சைகை காட்டுவார். கழட்டிவிட்டு, வாயில் இருக்கும் ரெகுலேட்டர் வழியாக மட்டும் மூச்சு விட வேண்டும். வாய்க்குக் காற்று வந்துகொண்டேதான் இருக்கும். ஆனாலும் பலருக்கு மூச்சு முட்டுவது போல இருக்கும். டக்குன்னு மேலே போய்விடத் தோன்றும்.

ஏன் இப்படி ஆகிறது? இதை எப்படிப் பழகுவது? பதறி மேலே ஓடினால் என்ன ஆபத்து? விரிவாகப் பார்க்கலாம்.

மாஸ்க் எதுக்கு?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். மூச்சு விடுவதற்கும் மாஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லை. முதுகில் இருக்கும் சிலிண்டரில் அழுத்தி அடைத்த காற்று இருக்கும். பலரும் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று சொன்னாலும், சுற்றுலா டைவிங்கில் வழக்கமாக இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரண காற்றுதான். அதை வாய்க்குக் கொண்டுவருவது ரெகுலேட்டர்.

மாஸ்க்கின் முதல் வேலை, கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை நிறுத்திவைப்பது. கண்ணில் தண்ணீர் நேரடியாகப் பட்டால் எல்லாம் மங்கலாகத் தெரியும். நடுவில் காற்று இருந்தால் தெளிவாகத் தெரியும்.

மூக்கையும் சேர்த்து மூடுவது அடுத்த வேலை. ஆழத்துக்குப் போகப் போக மாஸ்க் முகத்தை அழுத்தும். அப்போது மூக்கால் லேசாக ஊதினால் அழுத்தம் சரியாகிவிடும். நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்கூபா செய்யக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான். அதில் மூக்கு வெளியே இருப்பதால், உள்ளே காற்றை ஊத வழியில்லை.

எதுக்கு இந்தப் பயிற்சி?

கடலில் பக்கத்தில் நீந்துபவரின் கால் துடுப்பு பட்டு மாஸ்க் நகரலாம். பட்டை அறுந்து போகலாம். உள்ளே தண்ணீர் கசியலாம். 15 மீட்டர் ஆழத்தில் முதல் முறையாக இது நடந்தால் பயம் வரத்தான் செய்யும். அதையே குளத்தில் பத்து தடவை செய்து பார்த்தவருக்கு அது ஒரு சின்னத் தொந்தரவு, அவ்ளோதான்.

அதனால்தான் உலகம் முழுக்க நடக்கும் 'பாடி' அமைப்பின் ஓபன் வாட்டர் பயிற்சியில், மாஸ்க் இல்லாமல் குறைந்தது 1 நிமிடம் மூச்சு விட்டுக் காட்ட வேண்டும். மாஸ்க் இல்லாமல் 15 மீட்டர் தூரம் நீந்தியும் காட்ட வேண்டும்.

காற்று வருது, அப்புறம் ஏன் பதற்றம்?

இது கோழைத்தனம் இல்லை. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் ஏற்பாடு. முகத்தில், குறிப்பாக கண், மூக்கைச் சுற்றி தண்ணீர் பட்டதும் அங்குள்ள நரம்புகள் மூளைக்குத் தகவல் அனுப்பும். 'தண்ணிக்குள்ள இருக்கோம், மூச்சை நிறுத்து' என்பது மூளையின் பதில். இதயத் துடிப்பும் குறையும். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இன்னொரு சிக்கல், பழக்கம். நாம் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு இழுக்கிறோம். மாஸ்க் இருக்கும்போது மூக்கால் இழுக்கப் பார்த்தாலும் தண்ணீர் வராது. மாஸ்க் போனதும், அதே பழக்கத்தில் லேசாக இழுத்தால் போதும். தண்ணீர் சுருக்கென்று ஏறிவிடும். இருமல், தும்மல், கண் எரிச்சல் எல்லாம் ஒன்றாக வரும். கண்ணும் சரியாகத் தெரியாது. பதற்றம் கூடிவிடும்.

மூக்குக்கு உள்ளே ஒரு கதவு!

வாயின் மேற்புறத்தில், பின்பக்கம் மென்மையாக இருக்கும் பகுதிக்கு மெல்லண்ணம் என்று பெயர். அது மேலே எழும்பினால் மூக்குக்குப் போகும் வழி அடைபடும். கீழே இறங்கினால் வழி திறக்கும். இந்தக் கதவை நாம் தினமும் பேசும்போதே திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதைப் புரிந்துகொள்ள பள்ளியில் படித்த வல்லினம், மெல்லினம் போதும். 'க, ட, ப' போன்ற வல்லின எழுத்துகளைச் சொல்லும்போது கதவு மூடிக்கொள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'பட்டம்' என்பதில் 'பட்ட' வரை சொல்லிப் பாருங்கள், ஒலி மாறாது. 'ங, ந, ம' போன்ற மெல்லின எழுத்துகளுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு 'மாமா' சொன்னால் சரியாக வராது. சளி பிடித்தவர்கள் பேச்சு மாறுவதும் இதனால்தான்.

தண்ணீருக்கு அடியில் செய்ய வேண்டியதும் இதேதான். 'க்' என்று சொல்லப் போவது போலத் தொண்டையின் மேற்பகுதியை வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் மூச்சு இழுக்க வேண்டும். நாலைந்து முறை செய்தால் உடம்புக்குப் பிடிபட்டுவிடும்.

எப்படிப் பழகுவது?

ஒரே நாளில் 1 நிமிடத்தை எட்ட வேண்டிய அவசியம் இல்லை. படிப்படியாகப் போவதுதான் எளிது.

1. கரையில்: மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மட்டும் இழுத்து, வாயால் விடுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு அதையே செய்யுங்கள்.

2. இடுப்பளவு தண்ணீரில்: மாஸ்க் இல்லாமல், ஸ்நார்க்கல் குழாயை வாயில் வைத்து முகத்தை மட்டும் தண்ணீரில் வையுங்கள். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கஷ்டமாக இருந்தால் எழுந்து நின்றுவிடலாம். அந்த நிம்மதியே பாதி பயத்தைப் போக்கும்.

3. ரெகுலேட்டருடன் அதே ஆழத்தில்: முதலில் மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். அடுத்து பாதி. அடுத்து முழுசா. கடைசியில்தான் கழட்ட வேண்டும்.

4. கழட்டிய பிறகு: தலையைப் பின்னால் சாய்க்க வேண்டாம், மூக்கில் தண்ணீர் ஏறும். நேராகவோ, லேசாகக் குனிந்தோ இருந்தால் மூக்குத் துவாரத்தில் கொஞ்சம் காற்று தங்கும்.

5. மூச்சு விடும் முறை: வாயால் மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். விடும்போது மூக்கு வழியாகவும் கொஞ்சம் விட்டால் உள்ளே வரப் பார்க்கும் தண்ணீர் வெளியே போய்விடும். ஆரம்பத்தில் விரலால் மூக்கைப் பிடித்துக்கொள்வதும் தப்பில்லை.

கண்ணைத் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூடிக்கொண்டு மூச்சை எண்ணுவது பலருக்கு உதவும். மெதுவாக எண்ணினால் பத்துப் பன்னிரண்டு மூச்சில் 1 நிமிடம் ஓடிவிடும்.

தண்ணி ஏறிட்டா என்ன பண்றது?

ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கவே கூடாது. அதற்குள்ளேயே இருமலாம். வெளியே வரும் காற்று அதன் வழியாகவே போய்விடும். ஒரு கையால் ரெகுலேட்டரை வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, இருமி முடித்து, எச்சிலை விழுங்கி, மறுபடி மெதுவாக இழுத்தால் போதும்.

பதறி மேலே ஓடினால்?

இந்தப் பயிற்சியின் உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது. மாஸ்க் இல்லாமல் இருப்பதால் யாருக்கும் ஆபத்து இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வதுதான் ஆபத்து.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைவிட இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் முழுக்க 6 லிட்டர் காற்றை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காது, கிழியலாம். காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. நீச்சல் குளத்தின் ஒன்றரை மீட்டர் ஆழம்கூட இதற்குப் போதும்.

அப்படியென்றால் மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்கள் மூச்சை அடக்கித்தானே மூழ்குகிறார்கள்? சரிதான். அவர்கள் மேலே இழுத்த காற்றோடு இறங்குகிறார்கள். ஆழத்தில் அது சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும். ஸ்கூபாவில் ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றை நிரப்பிக்கொள்கிறோம். அதனால் விதி தலைகீழ்: மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது.

மாஸ்க் தொலைந்தே போனாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். நின்று, மூச்சைச் சீராக்கி, கூட வந்தவரின் கையைப் பிடித்து, மெதுவாக மேலே வர வேண்டும். இன்னொரு விஷயம்: தண்ணீருக்குள் கட்டை விரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம். 'நல்லா இருக்கேன்' என்பதற்கு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

திரும்ப மாட்டுவது எப்படி?

மாஸ்க்கை முகத்தில் பொருத்தி, பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்துவிட வேண்டும். முடி உள்ளே சிக்கினால் தண்ணீர் கசியும். பிறகு மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மேலே பார்த்தபடி மூக்கால் மெதுவாக ஊத வேண்டும். காற்று மேலே சேரும். தண்ணீர் கீழ் வழியாக வெளியேறும்.

இதையெல்லாம் கவனிங்க!

- கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் பயிற்சியாளரிடம் முன்பே சொல்ல வேண்டும். மாஸ்க்கைக் கழட்டும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.
- சளி, சைனஸ் அடைப்பு இருக்கும் நாளில் டைவிங் வேண்டாம். ஆஸ்துமா, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகே போக வேண்டும். உடல்நலப் படிவத்தில் எதையும் மறைக்கக் கூடாது.
- அந்தமான், புதுச்சேரி மாதிரி இடங்களுக்குச் சுற்றுலா போகும்போது முதல் முறை டைவ் செய்கிறீர்களா? மாஸ்க்கில் தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று ஆழம் குறைந்த இடத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டிப்போவார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.
- முதல் முயற்சியில் முடியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'இன்னொரு தடவை செய்யலாமா?' என்று கேட்கலாம். நல்ல பயிற்சியாளர் அவசரப்படுத்த மாட்டார். அவசரப்படுத்தினால், அன்றைக்குக் கடலில் இறங்காமல் இருப்பதே நல்லது.