கப்பல்தளத்தில் இறங்குதல்: அன்று ஒரே முறை, இன்று மறுமுறை

அந்தமானின் பெரார்கஞ்ச் வட்டத்தைச் சேர்ந்த மவுண்ட் ஹாரியட் மலையில் ஏறி நின்றால் போர்ட் பிளேர் துறைமுகமும் அதற்கு அப்பால் திறந்த கடலும் தெரியும். மலையின் பெயர் இன்று மவுண்ட் மணிப்பூர் என்று மாறியிருக்கிறது, காட்சி மாறவில்லை. 1944 ஜூன் 21 அன்று, இந்தத் தீவுகள் ஜப்பானியர் வசம் இருந்தபோது, பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலான இல்லஸ்டிரியஸிலிருந்து கிளம்பிய பாரகுடா, கோர்சேர் விமானங்கள் இந்த வானத்தில்தான் வந்து துறைமுகத்தையும் ஓடுபாதைகளையும் தாக்கின. குண்டு போட்டதோடு வேலை பாதிதான் முடிந்தது. திரும்பிப் போய்க் கப்பலில் இறங்குவது மீதிப் பாதி. அதில்தான் கைதேர்ந்த விமானிகளும் நடுங்கினார்கள்.

இல்லஸ்டிரியஸின் நீளம் ஏறத்தாழ 225 மீட்டர். தளம் பின்முனையிலிருந்து முன்முனை வரை ஒரே நேர்கோடு. முன்னால் இறங்கியவர்களின் விமானங்கள் முன்பகுதியில் நெருக்கி நிறுத்தப்பட்டிருக்கும். அவற்றுக்கும் இறங்குபவருக்கும் இடையே கம்பித் தடுப்பு ஒன்று. தளத்தின் பின்புறம் ஓர் அதிகாரி இரு கைகளிலும் மட்டைகளை ஏந்தி நிற்பார். அவருடைய கைகள் உயர்வதையும் தாழ்வதையும் சாய்வதையும் பார்த்தே விமானி தன் உயரத்தைச் சரிசெய்வார். கோர்சேரில் அதுவும் எளிதாக இல்லை. அதன் மூக்கு அவ்வளவு நீளம்; நேராக வந்தால் கப்பலே கண்ணுக்கு மறைந்துவிடும். அதனால் பிரிட்டிஷ் விமானிகள் கடைசி வரை வளைந்தே வந்து, தளத்தை ஓரக்கண்ணில் வைத்துக்கொண்டு இறங்கப் பழகினார்கள்.

மட்டைக்காரர் சைகை காட்டியதும் விமானி எஞ்சின் விசையை முழுவதும் குறைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் கையில் எதுவும் இல்லை. வாலிலுள்ள கொக்கி தளத்தின் குறுக்கே கட்டிய வடங்களில் ஒன்றைப் பற்றினால் பிழைத்தார். பற்றாவிட்டால் கம்பித் தடுப்பு. அதையும் தாண்டினால் தோழர்களின் விமானங்கள். அந்தத் தாக்குதலுக்கு வந்திருந்தது இந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல்தான். ஒரு விமானம் தளத்தில் நொறுங்கி வழியை அடைத்திருந்தால், இன்னும் வானில் சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்குக் கீழே இருந்தது கடல் ஒன்றே. கரையில் இருந்த ஓடுபாதைகள் எதிரியுடையவை. அன்று போர்ட் பிளேருக்கு மேலே பறந்த இளைஞர்களை எண்ணும்போது எதிரியின் பீரங்கிகளைவிட இந்த நிலைமைதான் என் நெஞ்சை அடைக்கிறது.

கப்பலில் இறங்குவது தொடக்கம் முதலே இப்படித்தான். ஓடும் கப்பலில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவர் பிரிட்டனின் எட்வின் டன்னிங். நாள் 1917 ஆகஸ்ட் 2. ஐந்து நாள் கழித்து மீண்டும் முயன்றபோது கடலில் விழுந்து இறந்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த மாற்றம் ஓர் எளிய எண்ணத்தில் பிறந்தது. இறங்கும் பாதையைக் கப்பலின் நடுக்கோட்டிலிருந்து சில பாகை இடப்பக்கம் திருப்பிவிட்டால் முன்னால் தடை இருக்காது. 1961 மார்ச்சில் பெல்பாஸ்டில் பணியில் சேர்ந்த நம் பழைய விக்ராந்தில் இந்தச் சாய்வுத்தளம் இருந்தது. மட்டைகளுக்குப் பதிலாகக் கண்ணாடியும் விளக்குகளும் இருந்தன. பச்சை விளக்குகளின் வரிசைக்கு நேராக ஒளிப்புள்ளி நின்றால் உயரம் சரி. மேலே போனால் விமானம் உயரம், கீழே போனால் தாழ்வு. அந்த ஆண்டு மே 18 அன்று அதில் முதல் ஜெட் விமானத்தை இறக்கியவர், பிற்காலத்தில் கடற்படைத் தளபதியான தஹிலியானி.

சாய்வுத்தளம் விமானியின் கைப்பழக்கத்தையே தலைகீழாக்கியது. அன்று தளத்தைத் தொடுமுன் விசையைக் குறைக்க வேண்டும். இன்று சக்கரம் தளத்தைத் தொட்டவுடன் விசையை முழுவதும் கூட்ட வேண்டும். கொக்கி வடத்தைப் பற்றினால் எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் விமானம் நின்றுவிடும். பற்றாவிட்டால் அதே விசையில் மேலெழுந்து மறுமுறை சுற்றிவரலாம். இந்தத் துறையில் மனிதன் பெற்ற மிகப் பெரிய பேறு இதுதான் என்பது என் எண்ணம்.

பாகிஸ்தானுடன் போர் மூண்ட 1971இல் விக்ராந்த் இந்தத் தீவுகளுக்கே வந்தது. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி அதைத் தேடிக்கொண்டிருக்க, கிழக்குக் கடற்படைத் தலைமையகத்தின் தலைவர், நாகர்கோவிலில் பிறந்த கிருஷ்ணன், அதை வட அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸில் மறைத்து வைத்தார். டிசம்பர் 4 அன்று அதன் சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்று விரிசல் கண்டிருந்தது. விமானம் இறங்கும்போது கப்பல் காற்றை எதிர்த்து வேகமாக ஓட வேண்டும். அந்த அளவுக்கு விமானம் தளத்தை மோதும் வேகம் குறையும். கொதிகலன் ஒன்று போனதால் கப்பல் இழந்த ஒவ்வொரு நாட் வேகமும் விமானியின் தலையில் ஏறியது. குளிர்காலத்தில் வங்கக்கடலில் காற்று ஓய்ந்த நாள்களும் உண்டு.

அந்தக் கப்பல் 213 மீட்டர் நீளம், ஏறத்தாழ 20,000 டன். 2022இல் கொச்சியில் பணியில் சேர்ந்த புதிய விக்ராந்த் 262 மீட்டர், 43,000 டன். கப்பல் இருமடங்கானது, விமானமோ மும்மடங்கானது. சீ ஹாக் முழுச் சுமையோடு 7 டன்னுக்குச் சற்றே மேல். மிக்-29கே 20 டன்னையும் தாண்டும். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் வருவதை மூன்று வடங்களில் ஒன்று சுமார் 90 மீட்டருக்குள், இரண்டரை நொடியில் நிறுத்துகிறது. விமானியின் தோள்வார் உடலில் ஆழப் பதியும். 2023 பிப்ரவரி 6 அன்று தேஜஸின் கடற்படை வடிவமும் மிக்-29கேயும் புதிய விக்ராந்தில் முதன்முதலாக இறங்கின; மே மாதத்தில் மிக் இரவிலும் இறங்கியது. இப்போது விமானிகள் முதலில் கோவாவின் ஹன்சா தளத்தில், கரையிலேயே கட்டிய கப்பல்தள மாதிரியில் கொக்கியை மாட்டிப் பழகுகிறார்கள். கடலில் கற்றுக் கடலில் இறந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய செய்தியன்று.

மட்டைகள் போய்விட்டன, ஆள் போகவில்லை. தளத்தின் ஓரத்தில் இன்றும் ஓர் அதிகாரி நிற்கிறார். அவரும் விமானியே. வானொலியில் பேசுகிறார், சரியில்லை என்றால் விளக்கைக் காட்டி மேலே போகச் சொல்கிறார். முகம் பார்த்துக் கையால் பேசிய நெருக்கம் மட்டும் இல்லை.

வடமும் அறும். 2016 மார்ச்சில் அமெரிக்காவின் ஐசனோவர் கப்பலில் வடம் அறுந்து தளத்தில் வீசியடித்து எட்டு மாலுமிகளைக் காயப்படுத்தியது. விமானம் விளிம்பைத் தாண்டி விழுந்து, நீரைத் தொடாத குறையாக மேலெழுந்து தப்பியது. எஞ்சின் முழு விசையில் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.

1944இல் எதிரியிடம் இருந்த போர்ட் பிளேரில் இன்று 3,290 மீட்டர் ஓடுபாதை உண்டு. இந்தக் கடலில் கொக்கி பழுதாகும் விமானி, எரிபொருள் மீதமிருந்தால், பெரார்கஞ்ச் மலைகளை ஒட்டிப் பறந்து அங்கே போய்ச் சாதாரண விமானம்போல இறங்கிவிடலாம். கரைக்கு எட்டாத தொலைவில், நிலவில்லாத இரவில், தளம் அலையோடு ஏறி இறங்கும்போது அவருக்கு அந்த வழியும் இல்லை. எரிபொருள் அனுமதிக்கும் மட்டும் சுற்றிவந்து அதே 90 மீட்டரில்தான் இறங்கியாக வேண்டும்.