பிரைம் ரிப் என்னும் பண்டிகைச் சமையல்

கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில், அமெரிக்க நகரங்களின் இறைச்சிக் கடைகளில், மற்றக் காலங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் துண்டு துண்டாகவே காட்சியளிக்கும் மாட்டின் விலாப்பகுதி, எலும்பும் கொழுப்பும் சேர்ந்த முழுப் பாளமாக மேடைமேல் ஏறிவிடும். முன்கூட்டியே சொல்லிவைத்தவர்கள் வந்து, இத்தனை எலும்பு என்று கணக்குச் சொல்லி வாங்கிப் போவார்கள். 'பிரைம் ரிப்' என்று வழங்கும் இந்தப் பாளத்தைத் துண்டு போடாமல் அப்படியே ஓவனில் வாட்டியெடுத்து, குடும்பத்தார் யாவரும் உட்கார்ந்த பிறகு அவர்கள் கண்ணெதிரிலேயே அரிந்து பரிமாறுவது அங்கே பல வீடுகளில் பண்டிகை விருந்தின் பிரதான அங்கம். மாட்டிறைச்சி உண்பதும் உண்ணாமையும் அவரவர் வழக்கத்தையும் நம்பிக்கையையும் பொறுத்தவை. அந்த விவகாரத்துக்குள் நான் புகப்போவதில்லை. ஆயினும், இவ்வளவு பெரிய பாளத்தின் நடுவுக்கு உஷ்ணம் எப்படிப் போய்ச் சேருகிறது, அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற பிரச்னையில், ரசாயன சாஸ்திரிகளும் சாதாரண இல்லத்தரசிகளும் இருநூறு ஆண்டுகளாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள் என்பதனால், சமையலில் சற்றேனும் ருசியுள்ள எவரும் கேட்கத் தகுந்த கதை இது.

மாட்டின் உடலில் பக்கத்துக்கு 13 விலா எலும்புகள் உண்டு. அமெரிக்கக் கசாப்புக்காரர்கள் அவற்றுள் 6-ஆவது முதல் 12-ஆவது வரையுள்ள ஏழு எலும்புகளைச் சேர்ந்த சதையைத் தனிப்பகுதியாக வெட்டி எடுக்கிறார்கள். நடக்கவும் உடம்பைத் தாங்கவும் ஓயாமல் பாடுபடும் கால், தோள் தசைகள் முறுக்கேறிக் கிடக்க, முதுகை ஒட்டி நீளவாக்கில் ஓடும் இந்தத் தசையோ அதிக வேலையின்றிச் சொகுசாகவே காலங்கழிப்பதால், இதன் மென்மைக்குச் சமையற்காரர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை; கெடுக்காமல் இருந்தால் போதும். பாளத்தின் நடுவே உருண்டையாகத் தெரிவது பிரதான தசை; அதன்மேல் குல்லாய் கவிழ்த்ததுபோல் வளைந்து படிந்திருக்கும் மெல்லிய தசையே சுவையில் முதல் ஸ்தானம் பெறுவது. இடுப்புப் பக்கத்து எலும்புகளை வாங்கினால் துண்டு அழகாக, ஒரே உருண்டையாக விழும். தோள் பக்கத்தில் கொழுப்பும் அதிகம், அந்த மேல் தசையும் அதிகம். அழகைவிட நாக்குக்கு மதிப்புக் கொடுப்பவர் தோள் பக்கத்தையே கேட்டு வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மூன்று எலும்புள்ள பாளம் மூன்று, மூன்றரைக் கிலோ நிறுக்கும். ஆறு பேருக்குத் தாராளம். அமெரிக்க விவசாய இலாகா சதைக்குள் ஓடும் கொழுப்பு வரிகளைப் பார்த்து இறைச்சிக்குப் பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் வழங்குகிறது. கடைப்பலகையில் பிரைம் ரிப் என்று எழுதியிருப்பதனாலேயே அது பிரைம் தரத்தைச் சேர்ந்தது என்று நம்பிவிடாமல் முத்திரையைப் பார்த்துப் பணம் கொடுப்பது நலம்.

இந்தச் சமையலின் பூர்வீகம் இங்கிலாந்து. அங்கே முற்காலத்தில் எரியும் கணப்புக்கு முன்னால், இரும்புக் கம்பியில் கோத்த மாமிசத்தை மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கம்பியைச் சுழற்றுவதற்கென்றே குட்டைக் கால்களும் நீண்ட உடலும் கொண்ட ஒரு ஜாதி நாயை வளர்த்து, சுவரில் உயரப் பொருத்திய சக்கரத்துக்குள் அதை ஓடவிட்டார்கள். மணம் மூக்கைத் துளைக்க, பண்டம் வாய்க்கு எட்டாமல், நின்ற இடத்திலேயே மைல் கணக்கில் ஓடிய அந்தப் பிராணியின் பாடு மனிதனின் நாவுக்காகப் பிற உயிர்கள் பட்ட பாடுகளுள் விசித்திரமானது. யந்திரச் சுழற்றிகள் வந்ததும் வேலையிழந்த அந்த இனம் பூண்டோடு அற்றுப்போயிற்று. 'விஸ்கி' என்ற ஒரு நாய் மட்டும் பாடம் செய்யப்பட்டு, வேல்ஸ் தேசத்து அபர்கவனி நகரப் பொருட்காட்சிசாலையில் நிற்கிறது. பிற்பாடு ஓவன் வந்தது; வாட்டிய பாளத்தைத் தள்ளுவண்டியில் வைத்து விருந்தாளியின் மேஜையருகே கொண்டுவந்து அரியும் உபசாரம், 1828-ல் தோன்றிய லண்டன் ஸிம்ப்ஸன்ஸ் போன்ற உணவகங்களில் பேர்போயிற்று. 1938-ல் கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸில் திறந்த லாரீஸ் உணவகம் பிரைம் ரிப் ஒன்றையே பிரதான உணவாக வைத்துக்கொண்டு, பளபளக்கும் உலோக வண்டிகளோடு அந்த உபசாரத்தை அமெரிக்கர்களுக்குப் பழக்கியது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரே பாளத்தின் வெளிப்புறமும் உட்புறமும் நேர்மாறான இரண்டு கோரிக்கைகளை விடுக்கின்றன என்பதே இந்தச் சமையலின் சிக்கல். மாமிசத்திலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிந்து, மேற்புறத்துக்குக் கருஞ்சிவப்பு நிறத்தையும் ஊரைக் கூட்டும் வாசனையையும் தரும் மாறுதல், சுமார் 140 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணத்தில்தான் சுறுசுறுப்பாக நடைபெறும். 1912-ல் அதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மையாரின் பெயராலேயே அந்த வினை வழங்குகிறது. உட்புறமோ 55 டிகிரியைச் சுற்றியே இருக்க விரும்புகிறது. 50 டிகிரியில் மயோசின் என்ற புரதம் இறுகத் தொடங்கி, மாமிசத்தின் பச்சைக் கொழகொழப்பை நீக்கிவிடும். 65-ஐ நெருங்கும்போது ஆக்டின் என்ற மற்றொரு புரதமும் சுருங்கி, உள்ளிருக்கும் ஈரத்தையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ஆகவே, ஓவனை 200 டிகிரியில் வைத்து, வெளிப்புறம் சிவக்கட்டும், உட்புறம் வேகட்டும் என்று இரண்டையும் ஒரே சமயத்தில் சாதிக்கப் பார்த்தால், நடுப்பகுதி பக்குவத்துக்கு வருவதற்குள் அதைச் சுற்றி இரண்டு விரற்கடை கனத்துக்கு மாமிசம் சாம்பல் நிறமாக வறண்டுபோகும்.

இந்தச் சிக்கலுக்குச் சென்ற நூற்றாண்டுப் புத்தகங்கள் பலவும் கொடுத்த பரிகாரம், தொடக்கத்திலேயே கடும் சூடு காட்டி மேற்புறத்தைச் சிவக்க வைத்து, 'துவாரங்களை அடைத்து', சாரம் வெளியேறாமல் காப்பது என்பது. இந்தச் சித்தாந்தத்துக்குச் செல்வாக்குத் தேடிக் கொடுத்தவர் சாமானியர் அல்லர். ஜெர்மானிய ரசாயன மேதை யுஸ்டுஸ் ஃபான் லீபிக். உணவின் ரசாயனம் பற்றி அவர் 1847-ல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு, மாமிசத்துக்கு ஓடு கட்டிவிட்டால் ரசம் உள்ளேயே தங்கிவிடும் என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஏகமனதாக நம்பின. 1930-களில் அமெரிக்கர்கள் தராசைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, முதலில் சிவக்கவைத்த பாளமும் ஈரத்தை இழக்கவே செய்தது என்பது தெரிந்தது. இதற்குத் தராசுகூட வேண்டியதில்லை. வாணலியில் மாமிசத்தை இட்டதும் எழுகிற சுர்ரென்ற ஓசையே ஈரம் வெளியேறுகிற ஓசைதான். ஹெரால்ட் மெக்கீ 1984-ல் எழுதிய நூலில் லீபிக்கின் கொள்கையைப் பிரித்து வைத்த பிறகும், வீட்டுச் சமையலறைகளில் அது இன்னும் ஓய்ந்தபாடில்லை. சிவக்கவைப்பது அவசியமே, ஆனால் அது சுவைக்காக, அணைகட்டுவதற்காக அன்று.

விடையின் பாதி, லீபிக் பிறப்பதற்கு முன்பே, தற்செயலாக ஒருவர் கையில் அகப்பட்டிருந்தது. மஸாசூஸெட்ஸில் 1753-ல் பிறந்து, ஐரோப்பா சென்று, ரம்ஃபோர்ட் பிரபு என்ற பட்டத்தோடு விஞ்ஞானியாக வாழ்ந்த பெஞ்சமின் தாம்ஸன், உருளைக்கிழங்கை உலர்த்துவதற்காக ம்யூனிக் நகரத்துச் சமையற்கூடம் ஒன்றில் தாம் அமைத்த யந்திரத்துக்குள் ஆட்டின் தோளிறைச்சியை வைத்துப் பார்த்தார். மூன்று மணி நேரமாகியும் வேகும் அறிகுறியே தென்படவில்லை. சூடு போதாது என்று கைவிட்டுப் போய்விட்டார். வேலைக்காரப் பெண்கள், அதை வேறெங்கே வைப்பது என்று இரவு முழுவதும் அதற்குள்ளேயே விட்டுவிட்டார்கள். காலையில் எடுத்துப் பார்த்தால், பிரபு அதுவரை உண்டறியாத பக்குவத்தில் அது வெந்திருந்தது. மெல்லிய சூடு, நீண்ட நேரம்: மேதையின் பிரயத்தனம் காணத் தவறியதை வேலைக்காரிகளின் அலட்சியம் கண்டுபிடித்தது.

இன்று வீட்டில் சமைப்பவர்களில் விஷயம் தெரிந்தோர் கையாளும் முறை, ரம்ஃபோர்டின் சூட்டை முன்னாலும் லீபிக்கின் சூட்டைப் பின்னாலும் வைத்துக்கொள்வதுதான். இதைப் பலமுறை பரீட்சித்து மக்களிடையே பரப்பியவர்களுள் ஜே. கென்ஜி லோபஸ்-ஆல்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் குறிப்பிடத்தக்கவர். கடைக்காரரிடமே எலும்புகளைச் சதையிலிருந்து ஒரே பலகையாக அரிந்துவிட்டு, மறுபடியும் பழைய இடத்திலேயே வைத்துப் பருத்தி நூலால் கட்டித் தரச் சொல்லிவிட்டால், எலும்பு தன் பக்கத்துச் சதைக்குக் கேடயமாகவும் இருக்கும், அரியும் நேரத்தில் கத்திக்குக் குறுக்கேயும் வராது. கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் வீதம் உப்பை எல்லாப் பக்கமும் தடவி, கம்பித் தட்டின்மேல் ஏற்றி, மூடாமல் குளிர்ப்பெட்டிக்குள் இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தில் உப்பு நீரை இழுத்து, மேலெல்லாம் வியர்த்துக்கொள்ளும். பிறகு அந்த நீரே உப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே திரும்பிவிடும். மூன்றாம் நாள் பார்த்தால், மேற்புறம் கருஞ்சிவந்து, விரலால் தட்டினால் பதனிட்ட தோல்போல உலர்ந்திருக்கும். இந்த உலர்ச்சி அற்ப விஷயமன்று. நீர் இருக்கும்வரை மேற்புறத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தாண்டாதவரை மையாரின் வினை தன் முழு வேகத்தைக் காட்டாது.

விருந்தன்று மிளகைத் தூளாக்கி அப்பி, 120 டிகிரி ஓவனில், கொழுப்பு மேலாக இருக்கும்படி வைத்து, உஷ்ணமானியின் ஊசியை எலும்பில் படாமல் நட்டநடுவில் செருகிவிட்டால், மூன்று எலும்புப் பாளம் மூன்றரை முதல் நாலு மணி நேரத்தில் 52 டிகிரியைத் தொடும். ராத்தலுக்கு இத்தனை நிமிஷம் என்று பழைய புத்தகங்கள் போட்டிருக்கும் கணக்கை நம்பவே கூடாது. மூன்று எலும்புப் பாளமும் ஆறு எலும்புப் பாளமும் நீளத்தில்தான் வித்தியாசப்படுகின்றன, கனத்தில் அல்ல. உஷ்ணம் நடுவுக்குப் போக வேண்டிய தூரம் இரண்டிலும் ஒன்றே என்பதால், எடை இரட்டித்ததற்காக நேரம் இரட்டிக்காது. 52-ல் வெளியே எடுத்த பிறகும், அடுப்பை அணைத்த பின் பானைச் சூட்டிலேயே சோறு புழுங்குவதுபோல், உட்புறம் இரண்டு மூன்று டிகிரி தானாக ஏறும். அந்த நிலையில் பாளத்தைப் பார்ப்பவர்கள், வெளிறிச் சோர்ந்து கிடக்கும் அதன் தோற்றத்தைக் கண்டு, பணம் வீணாயிற்றே என்று அயர்ந்துபோவது சகஜம். அலுமினியத் தாளால் போர்த்தி அரை மணிக்குக் குறையாமல் விட்டுவைத்து, விருந்தாளிகள் கை கழுவும் நேரத்தில் ஓவனை 260 டிகிரிக்கு ஏற்றி மறுபடி உள்ளே தள்ளினால், எட்டுப் பத்து நிமிஷத்துக்குள் கொழுப்பு குமிழியிட்டுப் பொரிந்து, ஓரங்கள் கறுத்து, சமையலறை புகையால் நிறைந்து, எதிர்பார்த்த நிறம் வந்துவிடும். அந்தப் பத்து நிமிஷமும் ஓவனின் கண்ணாடியை விட்டு நகரக்கூடாது.

இதற்கு எதிர்முறை ஒன்றும் உண்டு. 1966-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் கிரெய்க் கிளைபோர்ன் வெளியிட்ட ஆன் செரான் அம்மையாரின் பக்குவத்தில், பாளத்தை 260 டிகிரியில் முக்கால் மணி வாட்டிவிட்டு, ஓவனை அணைத்து, இரண்டு மணி நேரம் கதவைத் திறக்கவே கூடாது. அரை நூற்றாண்டைத் தாண்டிய இந்த முறைக்கு இன்றும் பரம பக்தர்கள் இருக்கிறார்கள். சூட்டைப் பிடித்துவைக்கும் கனத்த பழைய ஓவனானால் இது சௌகரியமே. அணைத்ததும் விசிறியால் சூட்டை ஊதித் தள்ளிவிடும் புது ஓவனில் நடு மாமிசம் பச்சையாகவே நின்றுவிடும். ஒரு மாத மளிகைச் செலவை விழுங்கக்கூடிய பண்டத்தை ஓவனின் சுபாவத்தை நம்பி ஒப்படைக்க எனக்குத் துணிவில்லை.

அரிந்ததும் தட்டில் பரவும் செந்நிற நீரைப் பலர் ரத்தம் என்று எண்ணி முகம் சுளிக்கிறார்கள். ரத்தம் கசாப்புக்கூடத்திலேயே வடிந்துவிட்டது. இது தசையில் பிராணவாயுவைத் தாங்கும் மயோகுளோபின் என்ற பொருள் கலந்த நீர். 60 டிகிரிக்கு மேல் அதன் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். முழுப் பாளத்தில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்திலேயே இருப்பதால், அதைக் கடும் சூட்டில் வாட்டியபின் நடுவில் சிவந்திருப்பதைப் பலரும் தயங்காமல் உண்கிறார்கள். ஆனால் அமெரிக்க விவசாய இலாகாவின் விதி 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிஷ ஓய்வும். கர்ப்பிணிகளும் முதியோரும் இருக்கும் வீட்டில் ருசியைவிட விதியே பெரிது.

பக்கத்தில் வைக்கும் பண்டங்களில், தட்டில் சொட்டிய சூடான கொழுப்பில் மாவைக் கரைத்து ஊற்றி உப்ப வைக்கும் யார்க்ஷயர் புட்டிங், 1747-ல் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் நூலிலேயே இடம்பெற்றுவிட்ட பழமை உடையது. குதிரை முள்ளங்கியைத் துருவிப் பாலேட்டில் குழைத்த காரம், கொழுப்பின் திகட்டலுக்கு நல்ல மாற்று. நூலை வெட்டி, எலும்புப் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, நீண்ட கத்தியால் அழுத்தாமல் இழுத்து அரிய வேண்டும். எந்த விருந்திலும், சிவப்பே தெரியக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் ஒருவருக்காகப் பாளம் முழுவதையும் 70 டிகிரிக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. அவருடைய துண்டை மட்டும், கொதிக்கக் கொதிக்க வைத்திருக்கும் எலும்பு ரசத்தில் சற்று நேரம் முக்கி, சிவப்பு முழுவதும் பழுப்பானதும் எடுத்துப் பரிமாறிவிடலாம்.