போட்ட ஓட்டு, பிரிக்காத உறை

நாளை மறுநாள் வாக்குப்பதிவு. வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: என் ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டால்? 2018இல் ‘சர்கார்’ படம் வந்ததிலிருந்து, “49பி கேட்டால் கொடுப்பார்களா?” என்று விதி எண்ணோடே எழுதுகிறார்கள்.

கொடுப்பார்கள். கொடுத்த பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் சங்கடம்.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் உங்களிடம் சில கேள்விகள் கேட்பார். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று நம்பினால், 17பி படிவத்தில் எழுதி வாங்கிக்கொண்டு காகித வாக்குச்சீட்டு ஒன்றைத் தருவார். இயந்திரம் கிடையாது. பழைய காலம் மாதிரி ரப்பர் முத்திரை குத்தி, மடித்துக் கொடுக்க வேண்டும். சீட்டு தனி உறைக்குள் போகும். ‘ஆய்வுக்குரிய வாக்கு’ என்று பெயர். ஆய்வு செய்வது யார்? யாருமில்லை. எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். கள்ள ஓட்டு கணக்கில் ஏறும், நல்ல ஓட்டு உறைக்குள் கிடக்கும். ஒவ்வொரு ஓட்டும் முக்கியம் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்பவர்களின் ஏற்பாடு இது!

நீதிமன்றம் சொன்னால் உறை திறக்கும். அதற்கு முடிவு வந்த 45 நாளுக்குள் யாராவது தேர்தல் மனு போட வேண்டும். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி.ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். அப்போதுதான் இந்த உறைகளுக்கு மதிப்பு வந்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வித்தியாசம் ஆயிரக்கணக்கில் என்றால் உறையை யார் தேடப் போகிறார்கள்?

முன்பொரு தேர்தலில் என் பெரியம்மாவுக்கு இதே கதி. எண்ண மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “பரவாயில்லடா, நான் வந்தேன்னு ஒரு எழுத்தாவது இருக்கட்டும்” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

ஓட்டுத் திருட்டைத் தடுக்கும் வழி, கள்ள ஓட்டு விழுவதற்கு முன்னால் இருக்கிறது. வந்தவர் போலி என்று சந்தேகப்பட்டால் பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். ஆமாம், இன்றைக்கும் 2 ரூபாய்தான்.

மற்றவை:

ஆய்வுக்குரிய வாக்குகள் 14 சதவீதம் விழுந்தால் மறுவாக்குப்பதிவா? வாட்ஸ்அப் கதை.

அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை? ஓட்டு இல்லை, 49பியும் இல்லை.

பூத் சிலிப் வரவில்லை? அடையாள அட்டையோடு போங்கள்.

நோட்டா முதலிடம் வந்தால்? அடுத்து இருப்பவர் ஜெயிப்பார்.

நேரம் முடியும்போது வரிசையில் நின்றால்? சீட்டு தருவார்கள், கடைசி ஆளிலிருந்து ஆரம்பித்து.