நழுவும் கிளச்சும் கள்ளத் தராசும்

சங்கத்தின் தராசு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது கூட்டுறவின் முதற்கடமை. நூல் நிறுக்கையில் குன்றிமணி எடை குறைந்தாலும் நெசவாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும். ஆனால், மணிக்கணக்கில் வாடகை கொடுத்து வேலை வாங்கும் பழைய சங்கிலிப்பட்டை டிராக்டருக்குள்ளும் ஒரு தராசு உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே அமைந்த கிளச்சே அத்தராசு.

நிலம் திருத்த வந்த இயந்திரத்துக்கு விவசாயி கொடுப்பது என்ஜின் ஓடிய நேரத்துக்கான கூலி. கிளச்சு உறுதியாகப் பற்றியிருந்தால் என்ஜினின் வலிமை முழுவதும் சங்கிலிப்பட்டைக்குச் சேரும். அது நழுவினாலோ என்ஜின் முழங்கும், டீசல் எரியும், மணி ஓடும், மண் மட்டும் நகராது. அந்த மணிக்கும் பணம் கொடுப்பவர் அங்கத்தினரே. ஏமாற்றும் எண்ணம் எவருக்கும் இல்லாமலே நிகழ்வதால், இக்கள்ளத் தராசு கண்ணுக்கும் தெரிவதில்லை.

சங்கிலிப்பட்டை டிராக்டர் நெடிய வரலாறு உடையது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஸ்டாக்டன் நகரைச் சேர்ந்த பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், சேற்று நிலத்தில் சக்கரங்கள் அமிழ்ந்து போவதைக் கண்டு, 1904-ஆம் ஆண்டில் சக்கரத்துக்குப் பதில் பட்டையைப் பூட்டிப் பார்த்தார். அவர் நிறுவிய கம்பெனியும் பெஸ்ட் என்பாரின் கம்பெனியும் 1925-ல் இணைந்து கேட்டர்பில்லர் கம்பெனி ஆயின. சுதந்திரத்துக்குப் பின் நம் நாட்டில் மத்திய டிராக்டர் அமைப்பு இத்தகைய இயந்திரங்களைக் கொண்டே மத்திய இந்தியாவில் காஞ்சப் புல் மண்டிய நிலங்களை ஆழ உழுது மீட்டது. அவ்வேலைக்கு டிராக்டர் வாங்க உலக வங்கி 1949-ல் கடன் அளித்தது. 1938 முதல் 1957 வரை வெளிவந்த கேட்டர்பில்லர் டி2 போன்ற பழைய வகைகளை மனத்தில் கொண்டே இங்கு எழுதுகிறோம்.

இவ்வகை இயந்திரங்களில் முதன்மைக் கிளச்சைக் காலால் மிதிப்பதில்லை. கையால் நெம்புகோலை இயக்குகிறோம். நின்றிருக்கும் மனிதனின் முழங்கால் முற்றும் நிமிர்ந்தால், தானே பூட்டிக்கொண்டு உடற்பாரத்தைத் தாங்கும். சற்றே மடங்கியிருந்தால் விரைவில் தளரும். கிளச்சினுள் இருக்கும் இணைப்புகளும் அப்படியே. நெம்புகோலை இழுக்கையில் அவை ஓர் உச்சத்தைத் தாண்டி, ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். உராய்வுத் தட்டின் மேற்பரப்பு தேயத் தேய அந்த உச்சத்தின் இறுக்கம் குறையும். நெம்புகோல் நாளுக்கு நாள் இலகுவாகும். பழகாத ஓட்டுநர் அதை வசதி என்று கருதுவார். உண்மையில் அதுவே எச்சரிக்கை. பாவின் விறைப்பைக் கையால் தொட்டே அறியும் நெசவாளருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நழுவலை அறியும் வழி எளிது. மண்ணைத் தள்ளும்போது சுமை மிகுந்தால், ஒன்று என்ஜின் திணற வேண்டும், அல்லது பட்டை மண்ணில் சறுக்க வேண்டும். இரண்டும் இன்றி, என்ஜின் வேகம் குறையாமலே பட்டை நின்றுவிட்டால் கிளச்சு நழுவுகிறது. கருகிய வாடையும், நெம்புகோல் தானே விடுபட்டுக் குதிப்பதும் மற்ற அடையாளங்கள்.

சரிசெய்யும் முறையைக் கூறுவோம். இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்திப் பிரேக்கைப் பூட்டுக. முன்புறத் தகடு தூக்கியிருந்தால் தரையில் இறக்குக. டீசல் என்ஜினோடு, அதைக் கிளப்பும் சிறிய பெட்ரோல் என்ஜினும் அறவே நின்றிருக்க வேண்டும். கியரைப் பொதுநிலையில் வைத்து, கிளச்சை விடுவித்து, கிளச்சுக் கூட்டின் மேல்மூடியைக் கழற்றுக. உள்ளே திருகு வளையமும் அதைப் பிடித்திருக்கும் பூட்டும் உள்ளன. பூட்டு கண்ணுக்குப் படாவிடில், என்ஜினின் அழுத்தத்தைத் தளர்த்தும் நெம்பை விடுவித்துக்கொண்டு, சக்கரத்தைக் கையாலேயே சிறிது சிறிதாகச் சுழற்றுக. பூட்டைத் தளர்த்தி வளையத்தை ஒரு பல் அளவே திருகுக. எத்திசையில் இறுகும் என்பது வகைக்கு வகை மாறுமாதலால் கையேட்டைப் பார்த்தே செய்க. மீண்டும் பூட்டி, நெம்புகோலை இழுத்துப் பார்க்க. போதவில்லையெனில் இன்னும் ஒரு பல். சில கையேடுகள் நெம்புகோலின் நுனியில் வேண்டிய இழுவையைப் பவுண்டுக் கணக்கில் தருகின்றன. சங்கத்தில் கிடக்கும் கொக்கித் தராசை மாட்டி இழுத்தால் அதையும் அளந்துவிடலாம்.

இறுக்கம் மிகுந்தாலும் தீங்கே. உச்சத்தைத் தாண்டாத நெம்புகோல் பாதியில் நிற்கும்; தள்ளு வளையம் ஓயாது உராய்ந்து கருகும்; இணைப்பு ஊசிகள் தேயும். இது உலர் கிளச்சு என்பதையும் மறத்தல் ஆகாது. தட்டில் எண்ணெய் பட்டிருந்தால் எத்தனை திருகியும் பயனில்லை. எண்ணெய்க் கசிவை அடைப்பதே மருந்து. மிகுதியாக அடைத்த கிரீஸும் சுழற்சியில் தெறித்துத் தட்டில் படியும். பழைய உராய்வுப் பட்டைகளில் கல்நார் கலந்திருத்தல் கூடும். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆகவே உள்ளே காற்றடித்தோ, உலர்ந்த தூரிகையால் தட்டியோ தூய்மை செய்யலாகாது. ஈரத் துணியால் துடைக்க.

திருப்புவதற்கென இருபுறமும் உள்ள கிளச்சுகளின் இயல்பு வேறு. அவற்றை வில்கள் எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கும். நெம்புகோல் விடுவிக்க மட்டுமே. தேயத் தேய அந்நெம்புகோலின் சும்மா அசையும் இடம் சுருங்கும். அது அறவே அற்றால் அந்தப் பக்கம் நழுவத் தொடங்கும். முதன்மைக் கிளச்சில் பார்க்க வேண்டியது இறுக்கம், இங்கோ தளர்வு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் நல்ல கிளச்சையும் கெடுப்பர்.

இவ்வளவும் ஒரு மணி நேர வேலை. பின் ஏன் நடப்பதில்லை? தனியார் இயந்திரத்தின் நெம்புகோலை உடையவரின் கை அறியும். பொது இயந்திரத்தையோ இன்று ஒருவர் ஓட்டுகிறார், நாளை வேறொருவர். இலகுவாகிப் போனதை முன்னவர் பின்னவருக்குச் சொல்வதில்லை. ஆகவே மணிக்கணக்குப் புத்தகத்தில் ‘கிளச்சு இழுவை’ என்று ஒரு பத்தி சேர்க்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஓட்டுநர் மாறும்போதெல்லாம் இருவரும் சேர்ந்து இழுத்துப் பார்த்து அதில் கையொப்பமிடட்டும். அங்கத்தினர்களும், தம் வயலில் என்ஜின் முழங்கப் பட்டை நின்றால், வேலையை நிறுத்தச் சொல்லி, மணியைக் குறித்துக்கொள்ளத் தயங்க வேண்டாம். தராசைச் சோதிக்கக் கேட்பது சண்டை அன்று, அங்கத்தினரின் உரிமை.