தெற்கே தெரியும் நட்சத்திரம்

சாகக் கிடக்கும் ஒரு கிழவர். பெயர் ஜானி. அவர் நினைவுக்குள் புகுந்து, கடைசி ஆசையை நினைவிலாவது நிறைவேற்றி வைக்க இரண்டு மருத்துவர்கள் நள்ளிரவில் வந்து சேர்கிறார்கள். அவருக்கு நிலாவுக்குப் போக வேண்டும். ஏன் என்று கேட்டால் அவருக்கே காரணம் தெரியவில்லை. 2011 நவம்பரில் வெளியான 'டு த மூன்' என்ற கேம் இப்படித்தான் தொடங்குகிறது. கனடாவைச் சேர்ந்த கான் காவ், 'ஆர்பிஜி மேக்கர்' என்ற எளிய மென்பொருளை வைத்துச் செய்தது. கதையும் அவருடையது, இசையில் பெரும்பகுதியும் அவருடையது. தன் தாத்தா உயிருக்குப் போராடிய காலத்தில் மனதில் விழுந்த விதை இது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஏறத்தாழ நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். குருவி அளவு உருவங்கள், பழைய காலத்துப் படங்கள். ஆனால் 2011-இன் சிறந்த கதைக்கான விருதை 'கேம்ஸ்பாட்' இணையதளம் இதற்குத்தான் கொடுத்தது.

முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பற்றிப் பேச முடியாது. இன்னும் விளையாடாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.

ஜானியின் மனைவி ரிவர் இறந்துவிட்டாள். வீடு நிறைய அவள் மடித்துப்போட்ட காகித முயல்கள். அதில் ஒன்று மட்டும் நீலமும் மஞ்சளும் கலந்தது. அதைக் கையில் கொடுத்து, "இதைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது, இன்னும் சொல், இன்னும் சொல்" என்று கணவனைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். அவனுக்கு அது வெறும் காகித முயல். விளையாடுகிறவர் ஜானியின் வாழ்க்கையைப் பின்னோக்கி நடந்து, முதுமை, கல்யாணம், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசியில் ஒரு திருவிழா இரவுக்குப் போய்ச் சேர்கிறார். கூட்டத்தை விட்டு ஒதுங்கி ஒரு பையனும் ஒரு பெண்ணும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நட்சத்திரங்களைக் கோடு போட்டு இணைத்தால் ஒரு முயல் வருகிறது. அதன் தொப்பை நிலா. அடுத்த வருடம் இதே இடத்தில் சந்திப்போம், வழி தவறினால் நிலாவில் சந்திப்போம் என்று பேசிக்கொள்கிறார்கள். பிறகு ஜானியின் இரட்டைச் சகோதரன் விபத்தில் இறக்கிறான். அந்தத் துயரம் பிள்ளையைத் தின்றுவிடக் கூடாதென்று கொடுக்கப்பட்ட மருந்து அந்த நினைவை மழுங்கடிக்கிறது. திருவிழா இரவும் அதோடு போய்விடுகிறது. கட்டிய கணவனுக்குத் தங்கள் முதல் சந்திப்பே ஞாபகம் இல்லை என்பது தெரிந்த நாளிலிருந்துதான் ரிவர் முயல் மடிக்கத் தொடங்குகிறாள்.

ஒரு குடும்பத்தின் மொத்த வலியையும் ஒரு நட்சத்திர விளையாட்டுக்குள் வைத்ததுதான் கான் காவ் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன். வழக்கமான கதை கேம்களில் இரண்டு பேர் பேசினால் திரையின் அடியில் இரண்டு முகங்கள் வரும். கோபமா, அழுகையா என்று முகமே சொல்லிவிடும். நட்சத்திரம் பார்க்கும் காட்சியில் அந்த முகங்களுக்கு வேலை இல்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் எதிரெதிரே உட்கார்ந்து சொல்ல முடியாததை மல்லாக்கப் படுத்துக்கொண்டு சொல்லிவிட முடிகிறது. நம் கல்யாணங்களில் அருந்ததி பார்க்கச் சொல்வதும் இந்த வகைதான். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டருக்குப் பக்கத்தில் மங்கலாக நிற்கும் அந்த நட்சத்திரம் பட்டப்பகலில் மண்டபக் கூரைக்கு அடியில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் அன்றைக்குத்தான் சேர்ந்த இரண்டு பேர், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சேர்ந்து வேறெங்கோ பார்க்கிறார்கள்.

கேம் செய்கிறவருக்கு இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. சினிமாவில் பார்த்தால் போதும், கேமில் கை ஏதாவது செய்ய வேண்டும். 'நைட் இன் த வுட்ஸ்' என்ற கேம் 2017-இல் வருவதற்கு முன்பே, 2013 டிசம்பரில், அதைச் செய்த குழு 'லாங்கஸ்ட் நைட்' என்ற குட்டி கேமை இலவசமாக வெளியிட்டது. நெருப்பைச் சுற்றி நண்பர்கள். வானத்தில் புள்ளிகளை இணைத்து உருவம் கண்டுபிடித்தால் அதற்கான கதையைச் சொல்வார்கள். கைக்கு அவ்வளவுதான் வேலை, அதுவே போதுமாக இருக்கிறது.

2019-இல் வந்த 'எ ஷார்ட் ஹைக்' வேறு வழியில் போகிறது. ஆடம் ராபின்சன்-யூ என்ற கனடாக்காரர், பெரிய கேம் ஒன்றை ஓரமாக வைத்துவிட்டு, சில மாதங்களில் செய்து முடித்தது. கிளேர் என்ற பறவைப் பெண் சித்தி வீட்டில் இருக்கிறாள். முக்கியமான ஒரு போன் வர வேண்டும், சிக்னல் இல்லை. மலை உச்சிக்குப் போனால் கிடைக்கலாம் என்று ஏறுகிறாள். வழியெல்லாம் மீன் பிடிக்கலாம், தோண்டலாம், யாரோடாவது அரட்டை அடிக்கலாம். உச்சியில் வருவது அம்மாவின் போன். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்து முடிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியையே காட்டாமல் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவரின் மனநிலையை இவ்வளவு சரியாகப் பிடித்த இன்னொரு கேமை நான் பார்த்ததில்லை. மனசு காத்திருக்கிறது, கை எதையோ செய்துகொண்டிருக்கிறது. டோரன்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'விலும் அப்படித்தான். 1988-இல் கனடா போய்ச் சேர்ந்த தமிழ்க் குடும்பம், அழிந்துபோன எழுத்துகளோடு பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டு. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று நாம் யோசிக்கும்போது அம்மாவுக்கும் மகனுக்கும் இடையிலான தூரம் பின்னால் விரிந்துகொண்டே போகிறது. சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். பெரும்பரிசு 2020-இல் கிளேருக்கும் 2024-இல் வெண்பாவுக்கும் போனது. இரண்டையுமே ஒரு மாலைப்பொழுதில் விளையாடி முடித்துவிடலாம்.

இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு, முப்பது நிமிடத்தில் முடிகிற ஒரு தமிழ் கேமை மனதில் கட்டிப் பார்க்கிறேன். மகன் டோரன்டோவின் ஸ்கார்பரோவில். அம்மா யாழ்ப்பாணத்தில். அப்பா இறந்தபோது மகனின் அகதி வழக்கு முடியவில்லை. செத்தவீட்டுக்கும் போகவில்லை, அந்தியேட்டிச் சடங்குக்கும் போகவில்லை. அவன் மேல் குற்றம் இல்லை என்று அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் போன் பேச்சு "சாப்பிட்டியே?" என்பதற்கு மேல் நகர்வதில்லை.

இந்த இரண்டு ஊர்களையும் தேர்ந்தெடுக்கக் காரணம் வானம். அகத்தியர் நட்சத்திரம் என்று நாம் சொல்லும் கனோபஸ், இரவு வானத்தில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணி சுமாருக்கு யாழ்ப்பாணத்தில் நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து 27 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். ஸ்கார்பரோவில் அது எந்த நாளும் உதிக்காது. அங்கே அதிகபட்ச உயரத்துக்கு வரும்போதும் அடிவானத்துக்குக் கீழே 6 பாகையில்தான் இருக்கும். தெற்கே போன முனிவரின் பெயர் கொண்ட நட்சத்திரம், வடக்கே போன பிள்ளைக்குத் தெரிவதே இல்லை. இதைக் கதைக்காக யாரும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை, பூகோளமே எழுதி வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குக் கேமே கிடைத்தது. எல்லாவற்றிலும் பிரகாசமான சிரியஸ் யாழ்ப்பாணத்தில் 64 பாகை உயரத்தில், உச்சிக்குப் பாதித் தூரத்துக்கும் மேலே நிற்கிறது. அதே சிரியஸ் ஸ்கார்பரோவில் தெற்கே கிட்டத்தட்ட 30 பாகையில். அதாவது, யாழ்ப்பாணத்தில் அகத்தியர் நிற்கும் ஏறத்தாழ அதே உயரத்தில் ஸ்கார்பரோவில் சிரியஸ் நிற்கிறது. கையை நீட்டி விரல்களைப் பொத்திப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முட்டி வைத்தால் இரண்டு ஊரிலும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் போய் முடியும். ஆனால் ஒரே நட்சத்திரத்தில் இல்லை.

அதனால் இந்தக் கேமில் கைக்கு ஒரே வேலை: பொத்திய கையால் வானத்தை அளப்பது. முதல் காட்சி பழைய முற்றம். பையனுக்கு ஏழு வயது, அப்பா பின்னால் நிற்கிறார். சின்னப் பிள்ளையின் முட்டி சின்னது, கையின் நீளமும் குறைவு. அதனால் அளவு மாறாது. அகத்தியர் வரை அப்பாவுக்கும் மூன்று, மகனுக்கும் மூன்று. இரண்டு நட்சத்திரமும் இங்கே தெரியும், மேலே சிரியஸ், கீழே அகத்தியர். விளையாடுகிறவர் இதைத் தன் கையாலேயே அளந்து பார்த்துவிடுவார். இரண்டாவது காட்சி ஸ்கார்பரோ பிளஃப்ஸ். ஒன்டாரியோ ஏரிக்கு மேலே எழும் செங்குத்துக் கரை. தெற்கே தண்ணீர் மட்டும்தான், அடிவானம் இருட்டாக இருக்கும். இரவு ஒன்பதரை. யாழ்ப்பாணத்தில் அப்போது மறுநாள் காலை 8 மணி.

"என்னம்மா செய்யிறியள்?"

"முத்தம் கூட்டுறன். அங்க இப்ப ராவே?"

நேர வித்தியாசம் பத்தரை மணி. இந்த நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து நட்சத்திரம் பார்க்க வழியே இல்லை. அம்மா வெயிலில் நின்றுகொண்டு, நேற்றிரவு பார்த்ததை வைத்து வழி சொல்கிறாள்: "தெக்கால பார். கையைப் பொத்தி நீட்டு. மூண்டு கை உயரத்தில நிக்கும்."

வானத்தை வரையும் வேலை பயப்படும் அளவுக்கு இல்லை. 'பிரைட் ஸ்டார் கேட்டலாக்' என்ற பழைய வானியல் பட்டியலில் வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய ஏறத்தாழ 9,100 நட்சத்திரங்களின் இடமும் பிரகாசமும் நிறமும் எண்களாக இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்களை ஒரு கோளத்தின் உட்புறத்தில் புள்ளிகளாக வைத்து, ஊருக்கு ஏற்ப அச்சைச் சாய்த்தால் அந்த ஊரின் வானம் வந்துவிடும். யாழ்ப்பாணத்துக்கு 10 பாகை, ஸ்கார்பரோவுக்கு 44. பிரகாசத்தில்தான் கவனம் வேண்டும். வானியலில் ஐந்து படி வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் நூறு மடங்கு. திரையில் அதை அப்படியே காட்டினால் சிரியஸ் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் மறைந்துபோகும். அதனால் வெளிச்சத்தைக் கொஞ்சமும் புள்ளியின் அளவைக் கொஞ்சமும் கூட்ட வேண்டும். திருவாதிரையின் செம்மையையும் சிரியஸின் வெண்மையையும் விட்டுவிடக் கூடாது. வானம் உண்மையாக இருந்தால்தான் இந்தக் கதை நிற்கும். அழகுக்காகத் தூவிய புள்ளிகளில் மூன்று கை உயரத்துக்கு அர்த்தமே இல்லை.

வானத்தைவிட எழுத்துதான் அதிகம் பாடுபடுத்தும். பல கேம் எஞ்சின்களில் தமிழ் நெடுங்காலம் உடைந்தே வந்தது. 'கெ' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023-இல் வந்த கோடோ 4 இதைச் சரியாகக் கையாள்கிறது, அதுவும் இலவசம். ஆனால் அதிலும் ஒரு பொறி உண்டு. கதை கேம்களில் பேச்சு தட்டச்சு அடிப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் வரும். கணினிக்குப் புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள். கணினியின் கணக்குப்படி விட்டால் 'அம்மா' என்ற சொல் அ, அம, அம், அம்ம, அம்மா என்று திக்கித் திக்கி வரும். மகன் அம்மாவைக் கூப்பிடும் இடத்தில் இது நடந்தால் காட்சியே செத்துவிடும். அ, ம், மா என்று முழு எழுத்தாகச் சேர்த்து வெளிவிட வேண்டும். மிஞ்சிப்போனால் இருபது வரி நிரல், ஆனால் தமிழ் படிக்கிறவர் ஒருவர் பக்கத்தில் உட்காராவிட்டால் இப்படி ஒரு பிரச்சினை இருப்பதே குழுவுக்குத் தெரியாது.

ஓசை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் விளக்குமாறு, காகம். ஸ்கார்பரோவில் காற்று. இசை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி முக்கியமான கேள்வி. மகன் மூன்று கை அளந்துவிட்டான், தெற்கே பிரகாசமாக ஒன்று நிற்கிறது. அது அப்பா காட்டிய நட்சத்திரம் இல்லை என்று கேம் அவனிடம் சொல்ல வேண்டுமா? கூடாது. விளையாடுகிறவர் முதல் காட்சியில் இரண்டையும் பார்த்தவர், திருவாதிரைக்குப் பக்கத்தில் எது நின்றது என்று கவனித்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். கவனிக்காதவர் மகனைப் போலவே நம்புவார். எச்சரிக்கை வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், 'தவறு' என்று சிவப்பில் ஒரு எழுத்தும் வேண்டாம். திரையில் இரண்டு பதில்கள் மட்டும்.

"ஓமம்மா, தெரியுது."

"ஒண்டு தெரியுது. ஆனா அது இல்லைப் போல கிடக்கு."

முதல் பதிலைத் தொட்டால் அம்மா அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்குவாள், செத்தவீட்டுக்குப் பிறகு முதல் தடவையாக. அவனுக்குத் தெரிந்தது எந்த நட்சத்திரம் என்பது அந்தப் பேச்சுக்குத் தேவையே இல்லை. இந்த வழியை நல்ல முடிவு என்றும் மற்றதைக் கெட்ட முடிவு என்றும் பிரித்துவிட்டால் கேம் பாழ். குடும்பத்துக்குள் பொய்யும் ஆறுதலும் எவ்வளவு நெருங்கி வாழ்கின்றன என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவதைத் தொட்டால் அம்மா கொஞ்ச நேரம் கூட்டுவதை நிறுத்துவாள். பிறகு, "அப்ப நீ இஞ்ச வந்துதான் பாக்கோணும்" என்பாள். கோபமாகவும் படிக்கலாம், அழைப்பாகவும் படிக்கலாம். குரல் பதிவு வைக்காமல் எழுத்தாகவே விட வேண்டும் என்று நான் சொல்வது இந்த ஒரு வரிக்காகத்தான். இதற்கு அவன் என்ன சொன்னான் என்பதை எழுத வேண்டாம். வழக்கு, விசா, விமான டிக்கெட், ஊர்ச் சனத்தின் கேள்விகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். அது முப்பது நிமிடத்துக்குள் அடங்காது, இன்னொரு கேமாகத்தான் செய்ய வேண்டும்.