மின்கட்டண உயர்வும் கருத்துக்கேட்பும்

தமிழ்நாட்டில் மின்கட்டணத்தை உயர்த்தும் அதிகாரம் மின்வாரியத்திடம் இல்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, கட்டணம் கோரும் நிறுவனம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுச் செய்ய வேண்டும். மனுவின் சுருக்கத்தைப் பொதுமக்கள் அறியும்படி வெளியிட வேண்டும். ஆணையம் மக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகே, மனு கிடைத்த 120 நாட்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். சட்டத்தின் 64ஆம் பிரிவு வகுத்துள்ள இந்த நடைமுறையில் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு சடங்காகக் கருதப்படுவது வருந்தத்தக்கது. ஏனெனில், மின்வாரியத்தின் வரவு செலவைச் சாதாரண நுகர்வோர் ஒருவர் நேருக்கு நேர் கேள்வி கேட்கக்கூடிய இடங்களுள் அதற்கு நிகரானது வேறில்லை.

அங்கே விவாதத்துக்கு வருவது அடிப்படையில் ஒரு கணக்கு. மின்சாரம் கொள்முதல் செய்யும் செலவு, நிலக்கரிச் செலவு, ஊழியர் ஊதியம், பராமரிப்பு, கடன் வட்டி, தேய்மானம் ஆகியவற்றைக் கூட்டி வருவது ‘மொத்த வருவாய்த் தேவை’ எனப்படுகிறது. நடப்பிலுள்ள கட்டணத்தில் கிடைக்கும் வருவாய் இதைவிடக் குறைந்தால், அந்தப் பற்றாக்குறையே கட்டண உயர்வுக்கான காரணமாக முன்வைக்கப்படுகிறது. ஆனால் செலவாகக் காட்டப்படும் ஒவ்வொரு ரூபாயையும் ஆணையம் ஏற்றாக வேண்டிய கட்டாயம் இல்லை. நியாயமாகவும் சிக்கனமாகவும் செய்யப்பட்ட செலவை மட்டும் அனுமதித்து, மற்றதை நீக்குவதே அதன் பணி.

2014 டிசம்பருக்குப் பிறகு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கட்டணம் உயராமலிருந்த நிலையில், ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடன் சுமந்திருந்த மின்வாரியம், அதாவது தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம், 2022 ஜூலையில் மனுத் தாக்கல் செய்தது. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் கருத்துக்கேட்பு நடைபெற்றது. ஆணையத்தில் சட்ட உறுப்பினர் பதவி காலியாக இருந்ததால் இறுதி ஆணை பிறப்பிக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்த தடை மேல்முறையீட்டில் விலகியதும், செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்தது.

வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் தொடர்ந்தது, நிலைக்கட்டணம் நீக்கப்பட்டது. எனினும் 500 யூனிட் பயன்படுத்திய குடும்பத்தின் பில் 1,130 ரூபாயிலிருந்து 1,725 ரூபாயாக ஏறியது. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், தொடக்க யூனிட்டுகளுக்கான சலுகையும் குறைந்துவிட்டதால் அன்றைய கட்டணப்படி பில் 1,958 ரூபாயானது. ரீடிங் எடுக்கச் சில நாட்கள் தாமதமானாலே குடும்பத்தின் செலவு கூடிவிடும் என்ற அச்சத்துக்கும், மாதந்தோறும் கணக்கெடுக்க வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்கும் இந்தப் படிநிலை அமைப்பே காரணம். குறுந்தொழில்களின் நிலை இன்னும் கடினமானது. இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் செலுத்த வேண்டிய நிலைக்கட்டணம் பன்மடங்கானதோடு, காலையிலும் மாலையிலும் ‘பீக் ஹவர்’ எனப்படும் உச்சப் பயன்பாட்டு நேரத்துக்கான கூடுதல் கட்டணமும் சேர்ந்ததால், கோவை உள்ளிட்ட தொழில் நகரங்களின் சிறு தொழிற்கூடங்கள் 2023 செப்டம்பர் 25 அன்று ஒருநாள் கதவடைத்துப் போராடின.

கூட்டங்களில் ‘உயர்த்தக் கூடாது’ என்ற குரலே ஓங்கி ஒலிக்கிறது; அதன் பின்னுள்ள துயரம் உண்மையானது. ஆயினும் ஆணையத்தை அசைக்கவல்லது கணக்கைத் தொட்டெழும் கேள்வியே. எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இலவச வேளாண் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. அவற்றின் பயன்பாடு மதிப்பீடாகவே சொல்லப்படுகிறது. அந்த மதிப்பீட்டைக் கூட்டிச் சொன்னால், வழியில் வீணாகும் மின்சாரத்தின் அளவு, அதாவது மின்னிழப்பு, காகிதத்தில் குறைந்து தோன்றும். உழவருக்குரிய இலவச மின்சாரத்தைச் சிறிதும் தொடாமலேயே, துணை மின்நிலையங்களிலிருந்து வேளாண் இணைப்புகளுக்குச் செல்லும் தடங்களில் மீட்டர் வைத்து அளந்த பிறகு கணக்குக் காட்டும்படி கேட்க முடியும். எழுத்தில் தரப்படும் இத்தகைய ஆட்சேபத்தை ஆணையம் புறக்கணித்தால், மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை 45 நாட்களுக்குள் அணுகவும் சட்டம் வழிசெய்கிறது.

2022 ஆணையில் மிகுந்த கவலை தருவது அதன் மற்றொரு பகுதி. 2026-27 வரையிலான ஐந்தாண்டுக் கட்டணத்தை வகுத்த அந்த ஆணை, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 முதல், நுகர்வோர் விலைக் குறியீட்டின் உயர்வு, 6 விழுக்காடு ஆகிய இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கட்டணம் கூடலாம் என விதித்தது. அதன்படி 2023இல் 2.18, 2024இல் 4.83, 2025இல் 3.16 விழுக்காடு உயர்வு வந்தது. திடீரென்று பெருஞ்சுமை விழாமல் சிறுகச் சிறுக உயர்வது நல்லது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. எட்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டதன் விளைவை 2022 கண்டது. ஆனால் சந்தை விலைவாசி ஏறியதாலேயே மின்வாரியத்தின் செலவும் அதே அளவு ஏறியிருக்கும் என்று கொள்வதற்கில்லை. இழப்பு குறைந்ததா, கொள்முதல் மலிந்ததா என்று ஆண்டுதோறும் மக்கள் முன்னிலையில் விசாரிக்காமலேயே கட்டணம் ஏறுமாயின், 64ஆம் பிரிவு தந்த உரிமை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மட்டும் கிட்டும் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

2023, 2025 ஆகிய ஆண்டுகளில் வீட்டு நுகர்வோருக்கான உயர்வை மாநில அரசே ஏற்றது. மானியம் தர விரும்பும் அரசு அத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்பது சட்டத்தின் 65ஆம் பிரிவு. இந்தப் பணம் பொதுக் கருவூலத்திலிருந்தே செல்வதால், பில்லில் தெரியாத உயர்வையும் மக்களே தாங்குகிறார்கள்.

ஆணையின் காலம் 2027 மார்ச்சில் முடிவடைந்து அடுத்த ஐந்தாண்டுக் கட்டணம் பேசப்படும்போது, ஆண்டு உயர்வுக்கு முன் ஒரு கருத்துக்கேட்பு கட்டாயமாக்கப்பட வேண்டும். செலவுக் கணக்கு முழுவதும் எளிய தமிழில் வெளியிடப்பட வேண்டும். மூன்று நகரங்களோடு நின்றுவிடாமல், திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் வேலூருக்கும் ஆணையம் செல்ல வேண்டும்.