புற்றுநோயைத் தடுக்குமா இமயத்துப் பூஞ்சை?

புது தில்லி: ஆண்டுதோறும் மே மாதம் பனி உருகத் தொடங்கியதும், உத்தரகண்ட் மாநிலத்தின் பிதோராகர், சமோலி, பாகேஸ்வர் மாவட்டங்களைச் சேர்ந்த மலைக்கிராம மக்கள் உயர்ந்த புல்வெளிகளை நோக்கிப் புறப்படுகின்றனர். அவர்கள் தேடுவது "கீடா ஜடி' எனப்படும் பூஞ்சை.

மண்ணுக்குள் வாழும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுவைக் கொன்று, அதன் தலையிலிருந்து முளைக்கும் இப்பூஞ்சை கிலோவுக்குப் பல லட்சம் ரூபாய் விலை பெறுகிறது. பெரும்பகுதி சீனச் சந்தையைச் சென்றடைகிறது. புற்றுநோயைத் தடுக்கும் என்ற விளம்பரமும் இதன் மதிப்பை உயர்த்தியுள்ளது. அந்த விளம்பரத்தை அறிவியல் முழுமையாக ஆதரிக்கவில்லை.

செயல்படும் விதம்: புற்றுநோய் ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்திருப்பது "கார்டிசெப்பின்' என்ற வேதிப்பொருள். 1950-ஆம் ஆண்டுவாக்கில் கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்ற பூஞ்சையிலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. உடலில் இயல்பாக உள்ள அடினோசினை ஒத்த இப்பொருளில் ஓர் ஆக்சிஜன் அணு மட்டும் குறைவு. உயிரணு அதை அடினோசின் என ஏற்று ஆர்.என்.ஏ. சங்கிலியில் சேர்க்கும்போது, அச்சங்கிலி மேலும் நீள முடியாமல் நின்றுவிடுகிறது.

புற்று அணுக்கள் சுற்றியுள்ள திசுவை அரித்து வழி உண்டாக்கிக் கொண்டே பிற உறுப்புகளுக்குப் பரவுகின்றன. இதற்குப் பயன்படும் நொதிகளின் உற்பத்தியைக் கார்டிசெப்பின் குறைப்பதாக, மார்பகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் புற்று அணுக்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வகச் சோதனைகள் தெரிவிக்கின்றன.

தடை என்ன?: ஆய்வகக் கண்ணாடித் தட்டில் கிடைக்கும் பலன் மனித உடலில் கிடைப்பதில்லை. ரத்தத்தில் உள்ள ஒரு நொதி, கார்டிசெப்பினைச் சில நிமிடங்களிலேயே சிதைத்துவிடுகிறது. இதைச் சமாளிக்க, பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் நியூகானா நிறுவனமும் அதன் மூலக்கூறை மாற்றியமைத்து "என்.யு.சி.-7738' என்ற மருந்தை உருவாக்கின. 2019-இல் நோயாளிகளிடம் இதன் பரிசோதனை தொடங்கியது. முதற்கட்ட விவரங்கள் 2021-இல் வெளியாயின. இதுவும் பரிசோதனை நிலை மருந்தே.

இதைவிட முக்கியமான உண்மை மற்றொன்று. இமயமலைக் கீடா ஜடியில் கார்டிசெப்பினை உற்பத்தி செய்யும் மரபணுத் தொகுதி இல்லை என 2017-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அப்பொருள் நிறைந்த மிலிட்டாரிஸ் வகையையோ அரிசி போன்ற தானியங்களில் ஆய்வகத்திலேயே வளர்க்கலாம். அதற்காக மலையைத் தோண்ட வேண்டியதில்லை.

இரட்டை இழப்பு: கடந்த 15 ஆண்டுகளில் குறைந்தது 30 சதவீதம் குறைந்துவிட்டது என்று கூறி, 2020-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் கீடா ஜடியை அழிவு அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 2016-இல் சீன அரசு நடத்திய சோதனையில், இதில் தயாரான பொருள்களில் ஆர்செனிக் நச்சு வரம்பை மீறியிருந்தது தெரியவந்தது.

புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. ஆயினும், இத்தகைய விளம்பரங்களை நம்பி உரிய சிகிச்சையைத் தள்ளிப்போடும் நோயாளி இழப்பது பணத்தை மட்டுமல்ல. நோய் பரவுவதற்கு முன் கிடைக்கும் பொன்னான காலத்தையும்தான். சட்டத்தை உறுதியாக அமல்படுத்துவதும், மலைமக்களுக்கு மாற்று வருவாய்க்கு வழிகாண்பதும் மத்திய, மாநில அரசுகளின் கடமையாகும்.